நீலச் சாயத்தின் நாற்றம்

மும்பையில் எங்கள் மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில் எது தீர்ந்தாலும் உடனே கடைக்கு ஓட மாட்டோம். பக்கத்து வீட்டில் கிண்ணத்தை நீட்டுவோம். சர்க்கரை, காபித்தூள், ஒரு கை உளுந்து. அதே பழக்கத்தோடுதான் செம்பூர்ப் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் பிஎச்டி சேர்ந்தேன். அந்தப் பழக்கத்தால் பிஎச்டியே கையை விட்டுப் போகப் பார்த்தது.

என் வேலை ஆர்என்ஏ பற்றியது. ஒரே இழைதான், ஆனால் நேராகக் கிடக்காது. மடிந்து சுருண்டு தனக்கென்று ஒரு வடிவம் எடுத்துக்கொள்ளும். அந்த மடிப்பில் எந்த இடத்துக்குப் பக்கத்தில் எந்த இடம் வருகிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக இழையின் இரண்டு இடங்களில் கந்தகம் கொண்ட சிறு கொக்கிகளை வைப்போம். அவை அருகருகே இருந்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், மடிப்பு அவிழாமல் நிற்கும். பிறகு ஜெல் என்கிற கூழ்ப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால், மாட்டிக்கொண்ட இழை மட்டும் மெதுவாக நகர்ந்து மேலே தனிக் கோடாகத் தெரியும்.

எனக்கு அந்தக் கோடு வரவே இல்லை. ஆறு வாரம் ஓட்டிப் பார்த்தேன், கீழே இருக்கும் கோடு மட்டும்தான். மாத முடிவுக்குள் காட்டாவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு. ஜெல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்போது ட்ரேயோடு உள்ளே வந்தாள், எங்கள் லேபுக்கும் பக்கத்து லேபுக்கும் கண்ணாடிச் சாமான்களைக் கழுவும் பெண். தாராவிக்காரி, என்னைவிட இரண்டு வயது சின்னவள். மற்றவர்கள் முன்னால் மேடம் என்பாள், தனியாக இருந்தால் எக்கா. அவள் என்னைத் தேற்றவெல்லாம் இல்லை. குப்பைக் கூடையில் கிடந்த என் டியூப்களைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"எக்கா, நீங்க பக்கத்து லேப் வேலையும் சேத்துப் பாக்கியளா?"

"நான் எதுக்குப் பாக்கப்போறேன்?"

"பின்ன ஒங்க டியூப்லயும் அவங்க நாத்தம்லா அடிக்கி. அழுகின முட்ட மாதிரி. ஒன்றர மாசமா இப்படித்தான். முன்னால நாறாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெல்லில் ஊற்றுவதற்கு முன் கண்ணுக்குத் தெரிவதற்காக ஒரு நீலச் சாயம் கலப்போம். ஒன்றரை மாதத்துக்கு முன் என் சாயம் தீர்ந்தபோது, லேபர் கேம்ப் வழக்கப்படி பக்கத்து லேபில் ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தேன். அவர்கள் புரதத்தோடு வேலை செய்பவர்கள். கந்தகப் பிணைப்புகளை அவிழ்க்கும் திரவம் ஒன்று அவர்கள் சாயத்தில் இருக்கும். மூடியைத் திறந்த மாத்திரத்தில் யாருக்கும் தெரிந்துவிடும், அப்படி நாறும். எனக்குத் தெரியவில்லை. கொரோனா காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனையே போயிருந்தது. மூக்கு வேலை செய்யாதவளை ரசாயனத்தின் பக்கம் விட மாட்டார்களோ என்று பயந்து ஒருவரிடமும் சொல்லவில்லை.

பாடுபட்டு மாட்டிய கொக்கிகளைக் கடைசி நிமிடத்தில் என் கையாலேயே கழற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கே புதுச் சாயம் கலக்கினேன். மறுநாள் மேலே கோடு வந்தது. வழிகாட்டியிடம் மூக்கு விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்ததற்குத்தான் திட்டினார், மூக்குக்காக அல்ல. தலைப்பு என்னிடமே இருந்தது. இன்று நான் செய்கிற வேலை, என் பெயருக்கு முன்னால் இருக்கும் பட்டம், எல்லாமே அவள் மூக்கைச் சுளித்ததில் தப்பியவை. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அவள் பெயரைத்தான் முதலில் எழுதினேன். அது போதாது என்று இப்போதும் தோன்றுகிறது.

கோடு வந்த அன்று ஜெல் படத்தைப் போனில் அவளிடம் காட்டினேன்.

"மேல ஒரு கோடு இருக்குல்லா, அது ஒன்னாலதான் வந்தது."

போனைக் கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தாள்.

"இந்த ஒத்தக் கோட்டுக்கா எக்கா அப்படி அழுதிய?"

"ஆமா" என்றேன். மறுபடியும் அழுகை வந்துவிட்டது.

அவள் ட்ரேயைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கோட்டை இன்னொரு முறை பார்த்தாள்.