றுமானா அனுப்பிய வள்ளம்

கிண்ணியாவில், கூடப்பிறந்த மூத்தவன் காக்கா முனீபின் உயிர்போன மையித்தை வாசலில் இறக்கியபோது றுமானா அழவில்லை. தன் கணினியைத் தூக்கிச் சுவரில் அடித்து நொறுக்கினாள்.

மீனவர் சங்கத்துக்கு அபயச் செய்தி வாசிக்கும் நிரலை எழுதியவள் அவள்தான். கடலிலிருந்து வரும் பேச்சில் ஆள் எது, வள்ளம் எது, இடம், காயம், ஆயுதம், என்ஜின் கோளாறு எது என்று அது பிரித்தறிய வேண்டும். ஆயிரக்கணக்கான வகைகள்! ஒவ்வொரு வகைக்கும் ஒருமுறை செய்தியை முதலிலிருந்து வாசித்தது அந்தப் பாழாய்ப்போன நிரல். மீனுக்கு டைனமைட் போடாதே என்று கடலில் தடுத்த முனீபின் வயிற்றில், வெடி போட வந்த றுவைஸ் கத்தியை இறக்கிவிட்டுத் தப்பினான். முனீப் அனுப்பிய அபயச் செய்தியில் நிரல் தேடி முடிப்பதற்குள் முனீபின் இரத்தம் வள்ளத்தில் ஓடி முடிந்திருந்தது.

பிறகு அவள் தூங்கவேயில்லை. வேறொரு கணினியில் வகைகளின் பொருளை முன்கூட்டியே எண்களாக்கிச் சேமித்தாள். செய்தியை ஒரே தடவை வாசித்து, பெயர்ச்சொற்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் மிக நெருங்கிய வகையைப் பொருத்தும்படி நிரலை மாற்றினாள். இனி எத்தனை வகை சேர்ந்தாலும் செய்தி காத்திருக்காது.

ஒரு நண்பகல் அலறலோடு செய்தி வந்தது. கண் இமைப்பதற்குள் திரையில் விழுந்தது: ஆள், றுவைஸ். காயம், வெடியில் கை சிதைவு. இடம், புறாமலைக்கு வடக்கே.

றுமானா போனை எடுத்தாள். முனீபின் மனைவி பஹ்மியா, கணவன் மறைவுக்காக இத்தா இருப்பவள், பின்னால் நின்று பார்த்துவிட்டாள்.

"போனை வை புள்ள. அவன் கிடந்து சாகட்டும்."

"ஏலாது மதினி."

"உன்ட பழைய மெசின் எண்டால் இன்னும் தேடிக்கொண்டுதானே இருக்கும்? அப்படி நினைச்சுக்கொள்ளு. ஆருக்குத் தெரியப்போகுது?"

"பழசு தேடினது. இப்ப எல்லாம் கண்ணுக்கு முன்னால கிடக்கு. இனிச் சுணங்கினால் கொல்லுறது நான்."

றுமானா சல்லிக் கிராமத்து மீனவர் இராசநாயகத்துக்கு அழைப்பு எடுத்தாள். அவருடைய வள்ளம்தான் அருகில்.

பஹ்மியாவின் கை றுமானாவின் கன்னத்தில் இடியாய் விழுந்தது. உதடு கிழிந்தது.

"அண்ணை, புறாமலைக்கு வடக்கால போங்க..."

"கூடப்பிறந்தவன்ட ரத்தத்தைக் குடிச்சவனுக்கா வள்ளம் அனுப்புறாய், பாவி!" முடியைப் பிடித்து இழுத்தாள்.

"...கையை இறுக்கிக் கட்டுங்க அண்ணை. ரத்தம் போகுது."

மதினி அடித்துக்கொண்டேயிருந்தாள். றுமானா தடுக்கவில்லை. திரையில் இரத்தம் தெறித்தது. நெடுநேரத்துக்குப் பின் தொலைபேசியில் இராசநாயகத்தின் மூச்சு இரைத்தது.

"உயிர் இருக்குது பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு ஏத்தியாச்சு."

அப்போதுதான் றுமானா காக்காவின் பெயரைச் சொல்லிக் கதறினாள். அடித்த கையோடு பஹ்மியாவும் தரையில் சரிந்தாள்.