பாடி ரெடிங்க!

நேற்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சொந்தக்காரப் பையன் ஒருவனைப் பற்றி, “என்ன இப்படி ஒட்டடைக்குச்சி மாதிரி ஆகிவிட்டான்” என்று சொல்லிவிட்டேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா, இது பாடி ஷேமிங். தப்பு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பு என்றதற்காக இல்லை. அந்தப் பாழாய்ப்போன சொல்லுக்கு இன்னும் ஓர் அர்த்தம் பாக்கியிருந்ததா என்றுதான்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் பாடி என்றால் பெண்கள் ரவிக்கைக்குள் போடுவது. அந்தச் சொல்லை ஆண்கள் காதுபடச் சொல்ல மாட்டோம். கொடியில் காயப்போட்டாலும் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடித்தான் காயப்போடுவோம். அப்படிப்பட்டவள் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நரைத்த மீசை வைத்த கட்டிங் மாஸ்டர் என் முன்னால் வந்து நின்றார். ரொம்ப மரியாதையாக, “கண்ணு, அந்தப் பாடியக் கொஞ்சம் காட்டு, ஓட்டை கீட்டை இருக்குதான்னு பாத்துக்கலாம்” என்றார்.

கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு கக்கூஸுக்குள் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரி வந்து கதவைத் தட்டி, சிரிப்பை அடக்க முடியாமல், “ஏனுங்க, டீ-சர்ட்டுல கைய விட்டுட்டா, காலர விட்டுட்டா மிச்சம் இருக்கறதுதானுங்க பாடி. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. வெளிய வாங்க” என்று சொன்ன பிறகுதான் திறந்தேன். அன்றைக்கெல்லாம் மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பாவம், என்ன தப்புச் செய்தோம் என்றே தெரியாமல் மறுநாள் எனக்கு ஒரு வடை வாங்கிவந்து வைத்தார்.

அப்புறம் அந்தச் சொல் போகிற இடமெல்லாம் துரத்தியது. கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறார்கள் என்றார்கள். ஜிம்முக்குப் போகிற பையன்கள் பாடி ஏத்தினார்கள். ஒரு டிக்‌ஷனரி வாங்கிப் பார்த்தேன். உடல், பிணம், குழு, கூட்டம், வானத்தில் மிதக்கிற கோள் என்று பத்தி பத்தியாகப் போனது. ரவிக்கைக்குள் போடுவதும் இல்லை, டீ-சர்ட்டின் வயிறும் முதுகும் இல்லை. அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய புத்தகம் எங்கள் கம்பெனி வாசல்படியைக்கூடத் தாண்டவில்லை.

சிரிப்பு அத்தோடு நின்றிருக்கலாம். எஸ்தர் கதை நடந்தது அதற்குப் பிறகு.

நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் அடுத்த வாசல் ஜெயராஜ் அண்ணனுடையது. எங்கள் கம்பெனியில்தான் வேலை. சாயப்பட்டறைகளுக்குப் போய்த் துணியைத் துரத்தி வாங்கிவர வேண்டும். அவர் மனைவி எஸ்தர். இருவருக்கும் தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்கள். “அவன் மூஞ்சில சாகுற வரைக்கும் முழிக்க மாட்டேன்” என்று எஸ்தரின் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். அவள் வேலைக்கு எதுவும் போகவில்லை. கம்பெனிப் பேச்சு ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

அன்றைக்கு ஜெயராஜ் அண்ணன் செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து கிளம்பிவிட்டார். மத்தியானம் அது அடித்திருக்கிறது. எஸ்தர் எடுத்திருக்கிறாள்.

“ஏனுங்க, ஜெயராஜு பாடி ரெடிங்க. ஆரையாச்சும் வந்து எடுத்துக்கச் சொல்லுங்க.”

 அந்த ஆள் தொடர்ந்து சொல்லியிருக்கிறார்: “கலர்தானுங்க கொஞ்சம் மாறிப் போச்சு. கட்டி வெளியதான் போட்டிருக்கறோம். மழ வர்றாப்ல இருக்குது, சீக்கிரம் வாங்க.”

சாயங்காலம் நான் கம்பெனி வேனிலிருந்து இறங்கியபோது வாசலெல்லாம் ஆள். எஸ்தர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. ஜெயராஜ் அண்ணன் இறந்துவிட்டதாகப் போன் வந்தது என்று யாரோ சொன்னார்கள். அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான், “போன்ல என்னதான் சொன்னாங்க?” என்று கேட்டேன். ஒவ்வொரு சொல்லாக அவள் சொல்லச் சொல்ல எனக்கு விஷயம் புரிந்தது.

“எஸ்தர், அது துணி! பட்டறையில அண்ணன் எடுக்க வேண்டிய சட்டைத் துணி! அதைத்தான் இங்க பாடின்னு சொல்வாங்க!”

யாரும் நம்பவில்லை. அதிர்ச்சியில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஓர் அக்கா என்னைப் பிடித்து உள்ளே இழுத்தாள். எனக்கே சந்தேகம் வந்தது. துணிதானா? ஒருவேளை துணி இல்லையென்றால்? வந்த எண்ணுக்குத் திருப்பி அடித்தால் யாரும் எடுக்கவில்லை.

இருட்டுவதற்குள் ஜெயராஜ் அண்ணனே வந்துவிட்டார். வேறொரு பட்டறையில் காலர் துணிக்குக் காத்திருந்தாராம். மொபெட்டை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து, “யாருக்கு என்னாச்சு?” என்று கேட்டார்.  எஸ்தர் எழுந்து போய் அவர் நெஞ்சில் படபடவென்று அடித்தாள். அப்புறம்தான் அழுதாள். தெருவே பார்க்க அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் அழுதாள்.

கொஞ்சம் அடங்கியதும் அவள் சொன்னாள்: “எங்கப்பாட்ட சொல்லிட்டேன்.”

ஊரில் பக்கத்துக் கடை போனில் கூப்பிட்டிருக்கிறாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அப்பாவிடம் பேசிய முதல் பேச்சே அதுதான். எப்படி, எங்கே என்று அவர் ஒன்றும் கேட்கவில்லையாம். “வாறேன்” என்றாராம். திரும்பக் கூப்பிட்டால் வேன் பிடித்துக் கிளம்பியாயிற்று என்றார் கடைக்காரர். வேனில் இருந்தவர்களிடம் போன் கிடையாது.

விடியற்காலையில் வேன் வந்து நின்றது. ஜெயராஜ் அண்ணன் குழாயடியில் வாய் நிறைய பற்பசை நுரையோடு நின்றிருந்தார். முதலில் இறங்கியவர் மாமனார். கையில் புது வெள்ளை வேட்டி. மாப்பிள்ளைக்குப் போர்த்த வாங்கியது.

இரண்டு பேரும் அசையவில்லை. வேனுக்குள் ஒப்பாரியைத் தொடங்கியிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். மாமனார் மெதுவாக நடந்துவந்து அண்ணனின் தோளைத் தொட்டார். கையைத் தொட்டார். கன்னத்தையும் தொட்டுப் பார்த்தார்.

“ஏலே, நீதானா? உசுரோடதான இருக்க?”

“ஆமா மாமா.”

“ஏம்ல இப்படிப் பயங்காட்டுதீய...” என்று சொல்லிவிட்டுக் குழாயடி ஈரத்திலேயே உட்கார்ந்தார். குலுங்கிக் குலுங்கி அழுதார். எஸ்தர் ஓடிவந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அந்த வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

இப்போது சாயப்பட்டறையிலிருந்து யாரும் வாயால் சொல்வதில்லை. துணியைப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். லைன் வீட்டை இடித்துவிட்டு வேன் நிறுத்துகிற ஷெட் போட்டிருக்கிறார்கள்.

அந்த மாமனாருக்குப் பயம் மட்டும் கடைசிவரை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் முடிகிற நேரத்துக்குக் கூப்பிடுவாராம். மகளிடம் பேசினாலும் ஆறாது. “அவன்ட்ட குடு” என்பாராம்.

“நீதானல பேசுத?”

“நான்தான் மாமா.”

“சரி” என்று வைத்துவிடுவாராம். அவ்வளவுதான் பேச்சு.

அந்த மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வீட்டுக்கு வந்ததும், ஜெயராஜ் அண்ணன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வருகிறார் என்று எஸ்தர் சொன்னாள்.