மாலினேயோ வெளியே, மொசெலே உள்ளே

மலைநாட்டுத் தலைநகர் மாசெருவின் ஜீன்ஸ் ஆலைகளில் சனிக்கிழமை அரைநாள்தான். ஒரு மணிக்குச் சங்கு ஊதியதும் மற்றப் பெண்கள் வேன் பிடிக்க ஓடினார்கள். மாலினேயோ ஓடவில்லை. நாற்பத்து மூன்று வயதில், காலையிலிருந்து கால்சட்டைப் பைகளையே தைத்துக்கொண்டிருந்துவிட்டு, இனி எதற்காகவும் ஓடுவதில்லை என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். போர்வையைத் தோளில் இழுத்து ஊக்குக் குத்திக்கொண்டு கால்பந்து அலுவலகத்துக்கு நடந்தாள்.

தேசியப் பெண்கள் அணி இதுவரை ஆடிய ஆட்டங்களையெல்லாம் ஒரே பதிவேட்டில் கொண்டுவருகிறார்கள். பழைய வீராங்கனைகள் வந்து தங்கள் பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். தாழ்வாரச் சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. நீலச் சாயம் ஊறிப்போன விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்தாள். மாலினேயோ செகெட்டே, ஐந்து ஆட்டங்கள். இன்னொரு பக்கத்தில், மொசெலே கபேலே, ஆறு ஆட்டங்கள்.

இரண்டும் அவள்தான்.

அவளுக்குப் பத்து ஆட்டங்கள் வேண்டும். ஆலைக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளின் பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஏழு வருடமாக ஓர் அணியை நடத்திவருகிறாள். அடுத்த பருவத்திலிருந்து சான்றிதழ் இல்லாத பயிற்சியாளர் பெஞ்சில் உட்காரக் கூடாது என்று விதி வந்துவிட்டது. சான்றிதழ் வகுப்பில் சேர வேண்டுமானால் பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டுக்காகப் பத்து ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். பள்ளியை அவள் பாதியில் விட்டவள். இந்த இரண்டாவது வாசல் ஒன்றுதான் மிச்சம்.

இருபத்து மூன்றாவது வயதில் கல்யாணமாகிப் போன அன்று மாமியார் வீட்டில் ஆட்டுக்கறி போட்டு, புதுப்பெண்ணின் தோளில் போர்வை போர்த்தி, அதுவரை மொசெலேயாக இருந்தவளுக்கு மாலினேயோ என்று பெயர் வைத்தார்கள். லினேயோவின் அம்மா என்று பொருள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அந்த வீட்டார் முதலிலேயே பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். எல்லா மருமகள்களுக்கும் அப்படித்தான் நடக்கும். அவள் விஷயத்தில் லினேயோ வரவேயில்லை. கணவன் சுரங்கத்துக்குப் போனான், நெஞ்சில் நோயோடு திரும்பினான், இரண்டு குளிர்காலம் இருமிவிட்டுப் போய்ச் சேர்ந்தான். பெயர் மட்டும் அவளோடு தங்கிவிட்டது. இல்லாத பிள்ளையின் அம்மாவாக இருப்பது ஆரம்பத்தில் உறுத்தியது. பிறகு உறுத்துவதற்கும் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

உள்ளே பதிவேட்டு மேசையில் லிம்போ என்ற இளம்பெண் இருந்தாள். அவள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள். எதை எழுதினாலும் ஒருமுறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவாள்.

“இது ஒண்ணும் பெரிய விஷயமில்லம்மா. கல்யாணமாகிப் பேர் மாறி, பட்டியல்ல ரெண்டு ரெண்டா நிக்கிறவங்க உங்களோட சேத்து எட்டுப் பேர். உங்க புகுந்த ஊர்த் தலைவர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. ஒண்ணாச் சேத்துடலாம்.”

“ஆறும் அஞ்சும் பதினொண்ணு.”

“பதினொண்ணு. வகுப்புக்குப் போதும், மிச்சமும் ஒண்ணு இருக்கு” என்று லிம்போ சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலினேயோ மலையடியில் இருக்கும் புகுந்த ஊருக்குப் போய், தலைவர் வீட்டு முற்றத்தில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்து கடிதம் வாங்கி வந்தாள். செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளரிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினாள். லிம்போ கடிதத்தைப் படித்துவிட்டு, அந்த ஆட்டங்களின் தாள்களை எடுத்து மேசையில் பரப்பினாள். பரப்பியவள் ஒரு தாளில் நின்றுவிட்டாள்.

“அம்மா, வெளிநாடு போய்க் கபரோனில ஆடினீங்களே, ரெண்டுக்கு ஒண்ணு ஜெயிச்சது. அதுல யாரா ஆடினீங்க?”

“யாரான்னா? நானாத்தான். கல்யாணமாகி மூணாவது மாசம். மாலினேயோவா ஆடினேன்.”

“நாலாம் நம்பர் மாலினேயோ. சரி. மாத்து ஆளுங்க பெஞ்சுல பதினஞ்சாம் நம்பர் மொசெலே கபேலேன்னு இருக்கு. அம்பத்தெட்டாவது நிமிஷத்துல…” லிம்போ விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். “மாலினேயோ வெளியே, மொசெலே உள்ளே.”

மாலினேயோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தாளின் கீழ்ப்பகுதியை லிம்போ காட்டினாள். எண்பத்து நான்காவது நிமிடம், கோல், மொசெலே கபேலே.

எப்படி நடந்திருக்கும் என்று அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. அந்தப் பயணத்துக்கு அவர்கள் போனது பதின்மூன்று பேர். எதிரணியின் தாளில் பதினெட்டுப் பெயர் நிறைந்திருந்தது. அப்போதைய அணி மேலாளர் ரான்சோ மானஸ்தர். வெற்று வரியோடு தாளைக் கொடுக்கக் கூச்சப்பட்டிருப்பார். போன வருடத்துப் பட்டியலைப் பார்த்துப் பெஞ்ச் வரிகளை நிரப்பியிருப்பார். போன வருடம் அவள் மொசெலே. கல்யாணமான பெண்ணை யாரும் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதனால் அந்த மொசெலே இந்த மாலினேயோதான் என்று அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவேயில்லை.

அன்றைக்கு அவள் நெற்றி கிழிந்தது. சட்டையெல்லாம் ரத்தம். அந்தச் சட்டையோடு நடுவர் உள்ளே விடமாட்டேன் என்றார். நான்காம் எண்ணில் வேறு சட்டை கிடையாது. ரான்சோ பையைக் கிளறிப் பதினைந்தாம் எண்ணை எடுத்து அவள் தலைவழியாக மாட்டிவிட்டு, “வாயத் தொறக்காத, ஓடு” என்றார். ஏன் வாயைத் திறக்கக் கூடாது என்று அன்று அவள் யோசிக்கவில்லை. கோட்டருகே பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். யாரையோ மாற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓடினாள்.

“நான் நாலு பேர் மாதிரி ஓடினது உண்மை. ரெண்டு பேரா இருந்தது எனக்கே இப்பத்தான் தெரியுது” என்றாள்.

லிம்போவுக்குச் சிரிப்பு வரவில்லை. பேனா மூடியைக் கழற்றினாள், மூடினாள். “அம்மா, ஒரே ஆளுன்னு நான் எழுதணும்னா இதையும் எழுதணும். வராத ஆளுங்க பேரு தாள்ல இருந்துச்சு, வெளிய போனவங்களே திரும்ப வந்து கோல் போட்டாங்கன்னு. கமிட்டி விதிப்படி அந்த ஆட்டத்துக்குப் பக்கத்துல ஒரு குறி வரும்.”

“வெற்றி போயிடுமா?”

“இத்தனை வருஷம் கழிச்சு யாரும் பிடுங்கமாட்டாங்க. ஆனா குறி இருக்கும். கீழ ஒரு வரி விளக்கமும் இருக்கும்.”

“அந்த ஆட்டத்தை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் எழுதேன்.”

லிம்போ கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. ஒரே ஆட்டம் இரண்டு பக்கமும் ஏறியிருந்தது. சேர்த்தால் பத்து, விட்டால் ஒன்பது.

“நான் இதைப் பாக்காமலே சேத்திருக்கலாம்” என்றாள் லிம்போ, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. “சரிபாக்கறதுதான் என் வேலை. ஆனா சரிபாத்தா யாருக்கு நல்லதுன்னு சில நாள் எனக்கே தெரியமாட்டேங்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கம்மா.”

அந்த அணியின் கேப்டனாக இருந்தவள் புசெலெட்சோ. இப்போது வேன் நிலையத்தில் மாவுருண்டை பொரித்து விற்கிறாள். அந்தப் பதின்மூன்று பேரில் உயிரோடு இருப்பது ஐந்து பேர். ஒரு காலத்தில் சனிக்கிழமைதோறும் யாராவது ஒருத்தியின் அடக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. மற்ற ஆட்டங்களில் ஒன்பது கோல் வாங்கித் தோற்றார்கள், பதினொன்று வாங்கித் தோற்றார்கள். அடக்க வீட்டில் உட்கார்ந்து சோளக்களி தின்னும்போது அவற்றை யாரும் பேசமாட்டார்கள். கபரோனை மட்டும் பேசுவார்கள்.

மாலினேயோ அவளிடம் போய் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை புசெலெட்சோ எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஆக, கழுத்துல ஒரு விசில் தொங்கறதுக்காக எங்க வெற்றியில கறை பூசப்போற.”

“நான் பூசலடி. அது ரான்சோ பூசினது.”

“அந்த மனுஷன் செத்து மண்ணாயிட்டாரு. செத்தவரு மேல போடறது சுலபம்.”

“கோல் போட்டது நான்தானே?”

“கோலா அது? முழங்காலுக்குக் கீழ எலும்புல பட்டுத் தானாப் போச்சு. கார்னர் அடிச்சது யாரு? நானு. நான் அடிச்சது உன் காலைத் தேடி வந்துச்சு, நீ பயந்து நின்ன.” கரண்டியால் உருண்டைகளைப் புரட்டினாள். “இப்பவும் பயந்துதான் நிக்கிற.”

“புள்ளைங்க இருக்குதுங்கடி. ஏழு வருஷம். நான் பெஞ்சுல இல்லாட்டி வேற எவனையாவது கொண்டாந்து உக்கார வைப்பாங்க.”

“கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு கத்து. உன் தொண்டைக்கு என்ன கொறச்சல்?”

“நீ வேண்டாம்னு சொன்னா எழுதல.”

புசெலெட்சோ அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். எண்ணெய்ப் புகையில் அவள் கண் சிவந்திருந்தது. “என்கிட்ட ஏன் கேக்கற? எனக்காக நான் சரின்னு சொல்லிடுவேன். மண்ணுக்குள்ள போன எட்டுப் பேருக்கும் சேத்து யாருடி சொல்றது? அதை என் தலையில கட்டாத. உன் விருப்பம் எதுவோ செய். செஞ்சுட்டு என்கிட்ட வந்து மூஞ்சியத் தொங்கப் போடாத.”

அந்த வாரம் முழுக்க மாலினேயோ பைகளைத் தைத்தாள். ஒரு நாளைக்கு இத்தனை என்ற கணக்குக்குக் குறையாமல் கை தைத்தது. மனம் வேறெங்கோ கிடந்தது. வெற்றியை அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு நேரம் தோன்றும். அப்படி விட்டால், இல்லாத ஒருத்தி அந்த கோலைப் போட்டாள் என்பது நிரந்தரமாகிவிடுமே என்று அடுத்த நேரம் தோன்றும். பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேனா, எனக்காகத்தான் கேட்கிறேனா? அதுவும் தெளிவாகத் தெரியவில்லை. களைப்பாக இருந்தது. வியாழன் மாலை மைதானத்தில் பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு, “அம்மா, இவ நாலு நாளா ஷூ மாத்தித் தரமாட்டேங்கறா” என்று அவளிடம் ஓடி வந்தார்கள். ஒரு ஜோடி ஷூவை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் அணி அது. அவள் பஞ்சாயத்துச் செய்துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை லிம்போவின் மேசையில் எழுதிக்கொடுத்தாள். சுருக்கமாகத்தான். மாலினேயோ செகெட்டேயும் மொசெலே கபேலேயும் நான் ஒருத்தியே; அன்று என்னை யாரும் மாற்றவில்லை; சட்டை மட்டும் மாறியது. மேலாளர் பெயரை எழுதவில்லை. லிம்போ அதைக் கேட்கவுமில்லை.

“பத்து ஆட்டம்” என்றாள் லிம்போ. “எந்தப் பேர்ல ஏத்தட்டும்? ஒரு வரிக்கு ஒரு பேர்தான்.”

மாலினேயோ இதை யோசித்து வரவில்லை. பிறந்த வீட்டில் மொசெலே என்று கூப்பிட இப்போது யாருமில்லை. புகுந்த வீட்டுப் பெயரைத்தான் ஆலையும் பிள்ளைகளும் ஊரும் அறியும்.

“மாலினேயோன்னே போடு. அந்தப் பொண்ணு கோல் மட்டும் போட்டா. அதுக்கப்புறம் அத்தனையும் சுமந்தது இவதான்.”

லிம்போ எழுதினாள்; கபரோன் ஆட்டத்துக்குப் பக்கத்தில் குறியும், தாளின் அடியில் ஒரு வரி விளக்கமும் போட்டாள். இந்த முறை அடித்துத் திருத்தவில்லை. வகுப்புக்கான தாளில் முத்திரை குத்தி நீட்டினாள். மாலினேயோ அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பெரிய சந்தோஷம் எதுவும் வரவில்லை. முதுகு வலித்தது. அவ்வளவுதான்.

வேறு யாராவது சொல்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று நேராக வேன் நிலையத்துக்குப் போனாள். புசெலெட்சோவின் சட்டிக்கு முன்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது.

“எத்தனை?” என்றாள் புசெலெட்சோ, வாடிக்கைக்காரர்களைக் கேட்கும் அதே குரலில்.

“ரெண்டு.”

காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். மாலினேயோ நகரவில்லை. ஓரமாக ஒதுங்கி நின்று சூட்டோடு ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள். அடுத்தவருக்கு மூன்று, அதற்கடுத்தவருக்கு ஐந்து. எண்ணெய் குறைந்ததும் புசெலெட்சோ டப்பாவிலிருந்து ஊற்றினாள்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“என்னன்னு போட்டிருக்காங்க?”

“ஸ்கோர் அப்படியே இருக்கு. பக்கத்துல ஒரு குறி. பக்கத்தோட அடியில ஒரு வரி. சின்ன எழுத்துல.”

“எவ்வளவு சின்ன?”

மாலினேயோ நகத்தின் நுனியைக் காட்டினாள். புசெலெட்சோ சட்டியை விட்டு எட்டிப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாவைக் கையில் எடுத்து உருட்டத் தொடங்கினாள்.

“தள்ளி நில்லு. எண்ணெய் தெறிக்கும்.”