விளம்பர இடைவேளையில் பேசியவர்

டண்டினொங் நகரில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்காக நான் போய்வந்த வீடுகளில் ஒன்றில், சிலி நாட்டு அம்மா ஒருவர் தனியாக இருந்தார். மெலிந்த உடம்பு. வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் உதட்டுச்சாயம் பூசாமல் கதிரையில் உட்காரமாட்டார். பக்கவாதம் வந்தபின் அவருக்கு ஆங்கிலம் முழுவதும் மறந்துபோய், பிறந்த மொழியான ஸ்பானிஷ் மட்டும் மிஞ்சியிருந்தது.

அதனால் மகன், ஸ்பானிஷ் தொடர் நாடகங்கள் மட்டுமே ஓடும் சானல் ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தார். நாள் முழுக்க அதுதான். விளம்பரம் வந்ததும் சத்தத்தை நிறுத்திவிட்டு, திரையைக் காட்டி நடந்த கதையை எனக்கு ஸ்பானிஷில் சொல்லுவார். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. "அப்பிடியே அன்ரி? பொல்லாத மாமிதான்" என்று தமிழில் ஏதாவது சொல்லிவைப்பேன். அவர் சிரிப்பார்.

ஒருநாள் நாடகத்தில் கலியாணம் நடந்தது. அவர் அழத் தொடங்கிவிட்டார்.

"ஏன் அன்ரி அழுறியள்? கலியாணம்தானே?" என்று கையைப் பிடித்தேன்.

இந்த முறை அவர் திரையைக் காட்டவில்லை. தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டு நெடுநேரம் பேசினார். அது நாடகத்தின் கதை இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. "ஓம் அன்ரி, ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகன் வந்தபோது, அம்மா அழுததைச் சொல்லி, என்னவென்று அவரிடம் விசாரித்துப் பார்க்கச் சொன்னேன். மகன் தலை குனிந்துகொண்டார்.

"எனக்கு ஸ்பானிஷ் வராது. சாப்பாடு, தண்ணீர் என்று கேட்கிற அளவுக்குத்தான்" என்றார் ஆங்கிலத்தில்.

அந்த அம்மா தன் மனதில் கிடந்த எதையோ ஒருத்தியிடம் சொல்லிவிட்டார். அந்த ஒருத்தி நான். அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.