பெண் பார்க்கும் நாளில் காணாமல் போன கோடுகள்

வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்கு நடக்கச் சொல்லிக் கொடுப்பது என் பிழைப்பு. பிசியோதெரபி செய்யும் சக பாவிகளே, நோயாளியைவிட அவரைச் சுற்றியிருப்பவர்களைப் பார்த்துத்தான் நமக்கு அதிகம் வயிறு எரிகிறது, இல்லையா?

குடிகாரப் பட்டம்

மும்பை தாராவியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் இசக்கிமுத்து அண்ணாச்சிக்குப் பார்க்கின்சன் நோய். காபிகூடக் குடிக்காத மனிதர். நடந்துகொண்டே இருக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், நாக்கும் குழறும். ஒருநாள் சந்தில் என் கண் முன்னாலேயே அப்படி நின்றுவிட்டார். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"சுபே சுபே, காலங்காத்தாலயே தாரு அடிச்சிட்டு வந்திருக்காரு டாக்டரம்மா, உங்க வைத்தியமெல்லாம் இதுக்குக் கேக்காது."

மஞ்சள் டேப்

யோசிக்காமலே நம்மை நடக்க வைப்பது மூளைக்குள் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா. அது மக்கர் செய்யும்போது, தாண்டுவதற்குக் கண்ணெதிரே ஒரு கோடு இருந்தால் பலருக்கு மூளை வேறு வழியில் காலை எடுக்க வைத்துவிடும். அதனால் அண்ணாச்சி வீட்டில் உள்ளறையிலிருந்து முன்னறை வரை அடிக்கு ஒன்றாக மஞ்சள் டேப் ஒட்டினேன். மனிதர் விறுவிறுவென்று நடந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் போனால் ஒரு கோட்டைக்கூடக் காணோம். ஞாயிற்றுக்கிழமை மகள் செல்வியைப் பெண் பார்க்க, மும்பைக்குப் பக்கத்திலிருக்கும் கல்யாண் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். அண்ணாச்சியின் மனைவிதான் அத்தனையையும் உரித்திருக்கிறார். கேட்டால் அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுவார்களாம். பெற்றவரை உள்ளே அடைத்துவைத்து ஒரு சம்பந்தமா என்று நான் சத்தம் போட்டேன்.

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு இப்படி ஒரு சீக்குன்னு தெரிஞ்சா எம்மவள யாரு கட்டுவா? நீங்க மாப்பிள்ளை பாத்துத் தருவியளா?"

ஆறு அடி

ஞாயிறன்று செல்வி கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். காபி கொடுத்து முடித்தவள் நேராக உள்ளறைக் கதவைத் திறந்தாள். வெள்ளை வேட்டியில் அண்ணாச்சி. வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது. எட்டிப் பார்த்த மாப்பிள்ளையின் சித்தப்பா மூக்கைச் சுளித்ததைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செல்வி பட்டுச்சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, தன் பாதத்தை அப்பாவின் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தாள். அவர் அதைத் தாண்டினார். மறுபடி வைத்தாள். இப்படியே ஆறு அடி. அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இவுகதான் எங்கப்பா. ஊருக்கெல்லாம் போகல."

மாப்பிள்ளை வீட்டார் அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை. மஞ்சள் டேப் மட்டும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது, இந்தமுறை முட்டிபோட்டு ஒட்டியது அண்ணாச்சியின் மனைவி.