ஒற்றைச் செருப்பு

திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் இளவரசி என்று விசாரித்தால், முதலில் என் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். அந்த வாயும் அடைத்துப்போன நாள் ஒன்று உண்டு. என் தம்பி ராஜ்குமாருக்குக் காணையில் பெண் பார்க்கப் போன நாள் அது.

முப்பத்து நான்கு வயதுக்குள் ஏழெட்டு வரன் தட்டிப்போனவன். செண்பகத்தின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான். அவளும் அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் காபித் தட்டோடு வந்த அவள் அக்கா, என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். கலைமதி! ஒன்பதாம் வகுப்பில், திண்டிவனத்தில் சித்தி வீட்டில் தங்கி என்னோடு படித்தவள்.

"இவளா நாத்தனாரு? மூணாவது முடிச்சு இவளா போடப்போறா?" என்றாள். "வேணாம்ப்பா. தெனமும் என் செருப்புல ஒண்ண ஒளிச்சு வெச்சவ இவ. ஒத்தச் செருப்போட சித்தி வூட்டுக்கு நொண்டிக்கினு போவேன். கிளாசே சிரிக்கும்."

எங்களில் தாலியின் கடைசி முடிச்சு மாப்பிள்ளையோடு பிறந்தவள் போடுவது. தம்பி என்னையே பார்த்தான். எனக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"ஆமா, செஞ்சேன். ஒம்போதாவதுல ரெண்டு தபா பெயிலு நானு. உங்க எல்லாரவிடவும் ஒரு முழம் வளத்தி. எப்ப என்னப் பாத்து சிரிப்பாங்களோன்னு பயம். அதுக்கு முன்னாடி உன்னப் பாத்து சிரிக்க வெச்சிட்டேன். தப்புதான், கலைமதி."

அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர்கள் அப்பா சுப்பராயலு, "சொல்லி அனுப்பறோங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர் உண்டா?

வாசலுக்கு வந்தால் என் செருப்பில் ஒன்றைக் காணோம். தம்பி குனிந்து தேடினான்.

"தேடாதடா, வா" என்றேன்.

அவன் தன் செருப்பைக் கழற்றி நீட்டினான். நான் வாங்கவில்லை. சித்திரை வெயில், தார் ரோடு. நான் குதித்துக் குதித்துப் போனதைப் பார்த்து டீக்கடையே சிரித்தது. கலைமதி எத்தனை நாள் இப்படிப் போனாளோ என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. கலைமதிதான். என் செருப்பைக் கீழே போட்டாள். சிவந்திருந்த என் பாதத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தேவிட்டாள்.

"ஒரு நாளைக்கே இந்தக் குதி குதிக்கிற! கண்ணத் தொடச்சிக்கினு ஜல்தி வா. தட்டு மாத்த நாள் பாக்கணுமாம்."

ஆவணியில் கல்யாணம். தம்பி இரண்டு முடிச்சுப் போட்டான். மூன்றாவதுக்கு நான் குனிந்தேன். மேளச் சத்தத்துக்கு நடுவே, பின்னால் நின்ற கலைமதி என் காதில் சொன்னாள்:

"இறுக்கிப் போடுடி. இதுலயாவது பாஸாவு."