குளிசைக்கு ஒரு சாட்சி

மூன்று வருடங்களுக்கு முன்னால், மாத்தளையில் மாசித் தேர் முடிந்து, தெருவோரத்தில் உடைந்த தேங்காய்ச் சிரட்டை இன்னும் கிடந்த வாரத்தில் இது நடந்தது. நடந்த இடம், நான் மாதா மாதம் ரயிலேறிப் போகும் பெரிய ஆஸ்பத்திரியின் கிட்னி கிளினிக்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மேசன் ஒருவருக்குச் சாந்து குழைத்துக் கொடுத்துத் தொழில் பழகினேன். இன்றைக்கு யட்டவத்த ரோட்டில் சொந்தமாக சிமெந்து புளொக் கல் போடும் இடம் இருக்கிறது, லொறி இருக்கிறது, என்னை ‘மொதலாளி’ என்று கூப்பிட ஆட்கள் இருக்கிறார்கள். யாரும் தூக்கிவிட்டு நான் எழும்பவில்லை. மாத்தளையில் புதிதாக எழும்பிய வீடுகளில் பாதி என் கல்லில்தான் நிற்கிறது என்று சொல்வேன். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்பாள் என் மனைவி. அது கிடக்கட்டும்.

எனக்கு பிரஷர் இருக்கிறது என்று சொல்லி முன்பு ஒரு டொக்டர் குளிசை கொடுத்தார். கல் தூக்கி வளர்ந்த உடம்புக்குக் குளிசை எதற்கு என்று மேசை லாச்சிக்குள் போட்டு வைத்தேன். அதற்கு விலையாக இரண்டு கிட்னியையும் கொடுத்தேன். பிறகு என் மனைவி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தனியாகப் போய்த் தன்னுடையது பொருந்துமா என்று பரிசோதித்துக்கொண்டு வந்தாள். பொருந்தியது. அவளுடைய கிட்னி இப்போது எனக்குள் இருக்கிறது.

மாற்று கிட்னி வைத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நம் உடம்பு ரோசம் உள்ளது. உள்ளே வந்தது வேற்றாள் என்று தெரிந்தால் அடித்து விரட்டப் பார்க்கும். அந்தச் சண்டையை அடக்கி வைக்க ஒரு குளிசை இருக்கிறது. காலையும் மாலையும், வாழ்நாள் முழுக்க. குறைந்தால் உடம்பு கிட்னியைத் தின்றுவிடும். கூடினால் கை நடுங்கும், காய்ச்சல் தொற்றும், அந்த மருந்தே கிட்னியைக் கெடுக்கும். அதனால் கிளினிக் நாளில் காலைக் குளிசையைப் போடாமல் போய், இரத்தம் கொடுத்து, மருந்து உடம்பில் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள்.

எனக்கு ஒவ்வொரு முறையும் குறைவாகவே நின்றது. மருந்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். அப்போதும் குறைவு. இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள். அதுவும் போதவில்லை. கிட்னி சோர்கிறது என்று காட்டும் எண்ணும் மெல்ல ஏறத் தொடங்கியது. தாதி மிஸ்ஸிமார் என்னைப் பார்க்கும் பார்வை மாறியது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பிரஷர் குளிசையை லாச்சிக்குள் போட்ட கதையை கிளினிக் வாங்கில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னவனே நான்தானே.

வீட்டிலும் அதே கதை. காலையில் மனைவி தண்ணீர்க் கோப்பையோடு வந்து நிற்பாள். நான் விழுங்கியதும், “ஆ காட்டுங்க” என்பாள். காட்டுவேன். “நாக்க தூக்குங்க” என்பாள். வெளியே லொறிக்குக் கல் ஏற்றும் ஆட்கள் என் சத்தத்துக்கு நடுங்குவார்கள். உள்ளே நான் பல் முளைக்கிற பிள்ளையைப் போல வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், நான் என்ன கள்ளனா என்று கேட்டேன். அவள் கோப்பையைக் கழுவப் போய்விட்டாள். கிட்னியைக் கொடுத்தவளே என்னை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கிளினிக்கில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தார். வில்கமுவவில் நெல் விதைக்கிற சிங்கள மனுசன். ஏறக்குறைய என் உயரம், என் எடை. எனக்கு ஒப்பரேஷன் நடந்த மாதம்தான் அவருக்கும் நடந்தது. அவருடைய அண்ணன் கொடுத்தது. ஆரம்பத்தில் இருவருக்கும் ஒரே அளவு மருந்து. அவருக்கு என்னைப் போல இல்லை, நேர் எதிர். மருந்து இரத்தத்தில் கூடிப்போய், தேத்தண்ணீர்க் கோப்பை கையில் ஆடும், சாரத்தில் சிந்தும். அவருக்குக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். என்னிடம் கூடிக் கிடப்பதில் கொஞ்சம் உங்களுக்கு ஊற்றித் தரட்டுமா மொதலாளி என்று சிங்களத்தில் கேட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் ஒரே அளவு குடித்த இரண்டு பேரில் ஒருவருக்குக் கூடுவதும் ஒருவருக்குக் குறைவதும் ஏன் என்று இருவருக்கும் விளங்கவில்லை.

அந்தத் தேர் வாரத்தில் கிளினிக்குக்குப் போனபோது புதிதாக இளவயதில் ஒரு டொக்டர் பிள்ளை வந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. ரிப்போட்டைப் பார்த்தார், கதவைச் சாத்தினார், என்னையும் மனைவியையும் உட்கார வைத்தார். கிட்னிக்கு ஆபத்துத் தொடங்கிவிட்டது, இப்படியே போனால் தாங்காது என்றார்.

“ஐயா, நான் உங்கள ஏசேல்லை. உண்மையைச் சொன்னாப் போதும். நீங்கள் ஒழுங்காப் போடுறியள் எண்டு நம்பி மருந்தை நல்லாக் கூட்டலாம். ஆனா நீங்கள் இடைக்கிடை விடுற ஆளா இருந்தால், ஒழுங்காப் போடத் தொடங்கிற அண்டைக்கு அதுவே நஞ்சாப் போயிடும். அதுதான் கேக்கிறன்.”

நான் ஒரு குளிசையும் விடவில்லை என்றேன். சத்தமாகவே சொன்னேன். நான் எப்படிப்பட்டவன், எத்தனை பேருக்கு வேலை கொடுக்கிறவன், வாக்குக் கொடுத்த நாளில் கல் இறக்காமல் விட்டதே இல்லை என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளையின் முகத்தில் நம்பிக்கை குறைந்துகொண்டே போனது எனக்கே தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, நான் சொன்னது உண்மையாக இருந்தும் அதைக் காட்ட என் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

அப்போதுதான் என் மனைவி பேசினாள். கிளினிக்கில் வாய் திறக்காதவள் அவள்.

“டொக்டர், இவரு பொய் சொல்லுவாரு. பாதி மாத்தளைய நான்தான் கட்டுனேன்னு சொல்லுவாரு. ஆனா இதுல பொய் இல்லங்க. தெனமும் நான்தான் வாயத் தொறக்க வச்சு, நாக்குக்கு அடியில எல்லாம் பாக்குறேன். ஒரு நாள் தப்புனது கெடையாது. கிட்னியக் குடுத்தவ நானு. எனக்குத் தெரியாதா?”

டொக்டர் பிள்ளை ஏன் அப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டார். என்றைக்காவது ஒரு நாள் இவர் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள், அன்றைக்கு நான் சொல்ல வேண்டி வரும் என்று நினைத்தேன் என்றாள்.

நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே அழுதிருப்பேன். இத்தனை மாதமும் என்மேல் சந்தேகம் என்று நான் நினைத்தது, எனக்காக அவள் சாட்சி சேர்த்த வேலையாம்.

டொக்டர் அதற்குப் பிறகு வேறு மாதிரிக் கேட்டார். வேறு மருந்து, கசாயம், கொல கெந்த என்கிற இலைக்கஞ்சி என்று ஏதாவது உண்டா என்று அவளிடமே விசாரித்தார். இல்லை என்று தெரிந்ததும் என்னை ஆஸ்பத்திரி வாட்டில் படுக்க வைத்தார். மிஸ்ஸிமார் தங்கள் கையாலேயே குளிசை கொடுத்து, நேரம் பார்த்து இரத்தம் எடுத்தார்கள். அப்போதும் மருந்து குறைவாகத்தான் நின்றது. அந்த ரிப்போட்டோடு டொக்டர் பிள்ளை என் கட்டிலுக்கு வந்து, “ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார். பெரிய படிப்புப் படித்த ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதை ஊர் முழுக்கச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த நேரத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை.

மருந்தை ஒரேயடியாகக் கூட்டினார்கள். இரத்தத்தைக் கொழும்புக்கும் அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டொக்டர் விளக்கினார். தாய் தகப்பனிடம் இருந்து நிறமும் உயரமும் வருவது போல, மருந்தை உடைக்கும் வேகமும் வருகிறதாம். என் ஈரலும் குடலும் இந்தக் குளிசையை வேகமாக உடைத்துத் தள்ளிவிடுகிற பிறவி. வேகம் குறைந்தவர்களுக்குக் கொஞ்சம் போதும். அவர்களுக்குக் கொடுப்பதை எனக்குக் கொடுத்தால் காணாது. எனக்குக் கொடுப்பதை அவர்களுக்குக் கொடுத்தால் ஆபத்து.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆற்று மணலுக்கும் கருங்கல் தூளுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினால் கல் நிற்காது டொக்டர் என்றேன்.

“அதேதான் ஐயா. தண்ணி காணாட்டி மணலை ஏசி என்ன செய்யிறது?” என்று சிரித்தார்.

அடுத்தடுத்த கிளினிக்குகளில் மருந்து நிற்க வேண்டிய அளவில் நின்றது. ஏறிய எண் இறங்கி, பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கு வரை கிட்னி நன்றாக வேலை செய்கிறது. வில்கமுவக் கூட்டாளிக்கும் குறைத்த அளவு சரியாகப் பிடித்து, கை நடுக்கம் நின்றது. கிளினிக் நாளில் அவர் விரல் நுனியில் கோப்பையைத் தூக்கிக் காட்டுவார், நான் என் குளிசைகளை உள்ளங்கையில் பரப்பிக் காட்டுவேன். பக்கத்து வாங்கில் இருப்பவர்களுக்கு நாங்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுவதில்லை: எங்களைப் பார்த்து நீங்கள் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், உங்கள் உடம்பு உங்கள் உடம்பு.

என் உடம்பு சாதாரண உடம்பு இல்லை, மருந்தையே தின்றுவிடும் என்று ஊரில் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். அது உண்மைதான், ரிப்போட் இருக்கிறது.

ஆனால் காலையில் இன்னும் அவள் தண்ணீர்க் கோப்பையோடு வந்து நிற்கிறாள். இனி யாருக்கும் சாட்சி சொல்லத் தேவையில்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் “ஆ காட்டுங்க” என்கிறாள். நானும் வாயைத் திறந்து, கேட்பதற்கு முன்பே நாக்கைத் தூக்கிவிடுகிறேன். நான் சொன்ன எத்தனையோ பெரிய பேச்சுகளில் எது நின்றது, எது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் கொடுத்ததை இன்றைக்கும் காத்து வைத்திருக்கிறேன் என்று பேசாமலே காட்டக் கிடைக்கும் அந்த ஒரு நிமிடம் போதும் என்று இருக்கிறது.